உம்கேனி ஆற்றங்கரையில் கட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி இப்படி எடுத்துக்கொள்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐந்நூறுக்கு மேற்பட்ட குடிசைப் பகுதிகள் இருக்கின்றன. வேலை கிடைக்காத பிள்ளைகள் தெருவுக்குத் தெரு நிற்கிறார்கள். இந்த நிலையில் உம்கேனி ஆற்றோரப் புல்வெளியைப் பூங்காவாகவே விட்டுவையுங்கள் என்று கேட்பது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு இல்லையா? அடுக்குமாடியும் கடைகளும் வந்தால் வீடு வரும், வேலை வரும், மாநகராட்சிக்கு வரி வரும். அப்படியிருக்க, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எந்தப் பக்கம் பேசுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு ஏறி வரும் தரையில் கட்டக் கூடாது. ஏழைக்கு வீடானாலும் சரி, பணக்காரருக்குக் கடைவளாகமானாலும் சரி, கூடாது. அந்தத் தரை வேலி இல்லாமல் பொதுவில் இருக்க வேண்டும். ஆனால் இதைச் சொல்ல எழுந்து நிற்பவர், வீட்டை எங்கே கட்டுவது என்பதையும் அதே கூட்டத்தில், அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டுப் பேசும் பூங்காப் பேச்சை நான் மதிப்பதில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நில அளவை வேலையில் இந்தக் கரையோரம் வருடக்கணக்கில் நடந்தவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உம்கேனி உள்நாட்டு மேட்டுச் சதுப்பு ஒன்றில் பிறந்து, ஏறத்தாழ 230 கிலோமீட்டர் ஓடி, ப்ளூ லகூன் என்ற முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. வழியில் ஹோவிக்கில் 95 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகிள், இனாண்டா என்று நான்கு பெரிய அணைகளைத் தாண்டுகிறது. மலையும் பள்ளத்தாக்குமாக வந்த ஆறு, நகருக்குள் நுழையும் கடைசி சில கிலோமீட்டரில்தான் தட்டைத் தரையைக் காண்கிறது. அந்தத் தட்டைத் தரையை உண்டாக்கியதே ஆறுதான். வெள்ளம் வந்து வந்து போட்ட வண்டல் அது. டர்பனில் மற்ற இடமெல்லாம் ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால், கட்டுமானக்காரர்கள் கண் வைப்பதும் அதே தரையில்தான். பிரச்சினை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இந்தத் தரையில் முதலில் குடியேறியவர்களில் நம்மவர்கள் அதிகம். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் கையளவு நிலத்தை வாடகைக்குப் பிடித்துக் காய்கறி போட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு, சீ கவ் லேக், ரிவர்சைடு எல்லாம் அப்படி வளர்ந்த தோட்டங்கள். வண்டல் மண்ணில் கீரையும் கொத்தமல்லியும் பீன்ஸும் நன்றாக வந்தன. தாழ்ந்த தரை என்பதால் வாடகையும் குறைவு. நகரத்துக்குக் காய்கறி கொடுத்தது அந்தத் தோட்டங்கள்தான். நல்ல மேட்டு நிலம் நம்மவர் கைக்கு எட்டாத காலம் அது. ஆற்றோரத்தை அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1917 அக்டோபர் 28 அன்று ஆறு பொங்கி ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தை மூழ்கடித்தது. குடும்பம் குடும்பமாக அடித்துக்கொண்டு போனது. கரைவலை போட்டுப் பிழைத்த மீனவர்கள் ஆறு பேர், தங்கள் படகை அந்தச் சுழலுக்குள் மறுபடி மறுபடி செலுத்தி, கூரையிலும் மரத்திலும் தொற்றிக்கொண்டிருந்தவர்களைக் கரை சேர்த்தார்கள். 170-க்கும் மேற்பட்ட உயிர்கள் பிழைத்தன. படவட்டான் அறுவர் என்று டர்பன் தமிழர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த ஆறு பேர் ஏன் படகை எடுக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கானோர் வெள்ளம் பாயும் தரையில் குடியிருக்கும்படி விடப்பட்டதுதான் காரணம்.

அது முதல் தடவையும் அல்ல, கடைசித் தடவையும் அல்ல. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் நம்மவர் எழுப்பிய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. அதிலிருந்து மீட்ட கதவுகளோடுதான் கேட்டோ மேனரில் இன்றைய அம்பலவாணர் ஆலயம் 1947-இல் எழுந்தது. புனித வெள்ளியன்று அங்கே தீமிதிக்குப் போகிறவர்கள் அந்தக் கதவுகளை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம்.

அப்புறம் 1976 மார்ச். ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் என்ற தகர வீட்டுக் குடியிருப்பு மூழ்கியது. அங்கிருந்த இந்தியக் குடும்பங்களைத்தான் அப்போது புதிதாகத் திறந்த ஃபீனிக்ஸ் குடியிருப்புப் பகுதிக்கு முதலில் அனுப்பினார்கள். உங்கள் தெருவில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், டின் டவுனிலிருந்து வந்த குடும்பம் ஒன்றாவது இருக்கும். இங்கே வாழ்வது ஆபத்து என்று சொல்லி அவர்களை எடுத்தார்களே, அதற்குப் பின் ஸ்பிரிங்ஃபீல்டில் என்ன வந்தது? கிடங்குகள், தொழிற்பேட்டை, பெரிய பெரிய கடைகள். மனிதர் குடியிருக்க ஆபத்தான தரை, வியாபாரத்துக்கு மட்டும் எப்படிப் பத்திரமாகிவிடும்? இந்தக் கேள்வியை அப்போது கேட்க நமக்கு வாக்குரிமைகூட இல்லை.

1987 செப்டம்பர் கடைசி வாரத்தில் நட்டால் மாகாணம் முழுவதும் கொட்டிய மழையில் ஐந்நூறு பேர் அளவில் இறந்தார்கள். உம்கேனி முகத்துவாரத்தின் நடுவில் மரமும் செடியுமாக நின்ற தீவை ஆறு பெயர்த்துக் கடலில் தள்ளியது. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மாகாணத்தில் 430-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ப்ளூ லகூன் கரையில் மரக்கட்டையும் நாணலும் பிளாஸ்டிக்கும் மலைபோலக் குவிந்தன. கழிவுநீர் நிலையங்கள் உடைந்து கடற்கரைகளை மூட வேண்டி வந்தது.

இதைக் கேட்டதும் ஒருவர் எழுந்து, அதெல்லாம் பழைய கதை, இப்போது இனாண்டா அணை இருக்கிறது என்பார். இதற்குப் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு கூட்டத்திலும் இது வரும். 1989-இல் முடிந்த இனாண்டா, குடிநீருக்காகக் கட்டிய அணை. குடிநீர் அணையை நிரப்பி வைப்பதுதான் அதன் வேலை. நிரம்பிய அணையில் வந்த வெள்ளம் வழிந்துதான் போகும். அது மட்டுமல்ல, பால்மியட் போன்ற கிளையாறுகள் அணைக்குக் கீழேதான் உம்கேனியில் சேர்கின்றன. அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை எப்படித் தடுக்கும்? 2022-இல் கனமழை கொட்டியது கடலோரத்தில்தான்.

இன்னொரு சொல் அடிக்கடி காதில் விழும்: நூறாண்டு வெள்ளக் கோடு. நூறு வருடத்துக்கு ஒரு தடவைதானே, நம் காலத்தில் வராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அந்த வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் அர்த்தம். இருபது வருட வீட்டுக் கடன் வாங்கினால், கடன் தீருவதற்குள் ஒரு தடவையாவது வெள்ளம் வீட்டுக்குள் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு. கட்டடம் ஐம்பது வருடம் நின்றால் அது ஏறத்தாழ நாற்பது. மேலும் அந்தக் கோடு, கடந்த கால மழையை வைத்துப் போட்டது. மேட்டில் ஒவ்வொரு புது வீட்டுக் கூரையும் ஒவ்வொரு தார்ச் சாலையும் மண்ணுக்குள் போக வேண்டிய தண்ணீரை நேராக ஆற்றுக்கு அனுப்புகிறது. காலநிலையும் மாறிக்கொண்டிருக்கிறது. பழைய கோடு பழைய ஆற்றுக்கு உரியது.

நம் சட்டம் இதில் பாதி வழிதான் வருகிறது. 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டத்தில் 144-ஆம் பிரிவு, புதுக் குடியிருப்பு அமைக்கும் வரைபடத்தில் நூறாண்டு வெள்ளம் எட்டும் உச்ச மட்டத்தைக் கோடு போட்டுக் காட்டச் சொல்கிறது. காட்டத்தான் சொல்கிறது. அதற்குள் கட்டக் கூடாது என்று அந்தப் பிரிவு தடுக்கவில்லை. அதனால்தான் கட்டுமானக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மண் நிரப்பி மேடாக்குவது. மேடாக்கிவிட்டால் கட்டடம் கோட்டுக்கு வெளியே வந்துவிடும், காகிதத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் தரையை இரண்டு மீட்டர் உயர்த்தினால் 20,000 கன மீட்டர் தண்ணீர் பரவி நிற்க வேண்டிய இடம் போய்விடுகிறது. பத்து ஹெக்டேர் என்றால் இரண்டு லட்சம். அந்தத் தண்ணீர் எங்கேயும் மறைந்துவிடாது. எதிர்க்கரைக்கு ஏறும், மேலே தேங்கும், குறுகிய வழியில் வேகமெடுத்துப் பாலத்தின் காலை அரிக்கும். மேடாக்கியவர் தப்பித்துக்கொள்வார், எதிர்க்கரையில் இருப்பவர் மூழ்குவார். பெரும்பாலும் மண் நிரப்பக் காசு இல்லாதவர்தான் எதிர்க்கரையில் இருப்பார்.

வெள்ளம் வடிந்த மறுநாள் ஆற்றோரம் நடந்து பாருங்கள். முள்வேலியில் நாணல் தட்டையும் பிளாஸ்டிக் பையும் கிழிந்த துணியும் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சிக்கித் தொங்கும். மரப்பட்டையில் சேற்றுக் கோடு நேராக விழுந்திருக்கும். நாங்கள் வேலைக்குப் போனால் முதலில் அந்த மட்டத்தில்தான் சாயம் பூசிக் குறிப்போம், ஏனென்றால் இரண்டு மழை பெய்தால் அது அழிந்துவிடும். வேலியில் அந்தக் குப்பை என் தலைக்கு மேல் தொங்கிய இடங்களில் நின்றிருக்கிறேன். அண்ணாந்து பார்த்து அளவெடுத்தவனுக்கு, அந்த இடத்துக்கு வண்ணத்தில் வரைந்த அடுக்குமாடிப் படத்தைக் காட்டினால் மனம் ஒப்பாது.

சரி, வேலைவாய்ப்பு? இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். ஆனால் தாழ்நிலத்தில் வேலை வந்தால் அது நிலைக்குமா என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தெற்கே உம்லாஸ் ஆற்றை வாய்க்காலுக்குள் அடக்கி, சதுப்பை வடித்துப் பழைய விமான நிலையமும் ப்ராஸ்பெக்டன் தொழிற்பேட்டையும் வந்தன. 2022-இல் அங்கே டொயோட்டா தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்தது. ஆயிரக்கணக்கான புது வண்டிகளை அழிக்க வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. அந்தத் தொழிற்சாலையை நம்பி உதிரி பாகம் செய்பவர், லாரி ஓட்டுபவர், வாசலில் ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய பன்னி சௌ விற்பவர் வரை எத்தனை குடும்பங்கள்! வேலைக்காகத்தான் கட்டுகிறோம் என்றால், வேலை நிலைக்கும் இடத்தில் கட்ட வேண்டும். இசிபிங்கோ முகத்துவாரத்தை இன்றைக்குப் போய்ப் பாருங்கள். தனக்கு வந்த ஆறுகளைத் திருப்பிவிட்டதால் நீரோட்டம் செத்து, சாக்கடை நாற்றம் அடிக்கிறது.

இதுவரை சொன்னது பூங்காப் பக்கத்துக்குச் சாதகம். இனி எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அது பணத்தைப் பற்றியதல்ல, நம் வரலாற்றைப் பற்றியது.

டர்பனின் பசுமைப் பட்டைகள் எல்லாம் இயற்கை மேல் உள்ள பாசத்தால் விடப்பட்டவை அல்ல. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்த 1950 முதல், ஆறுகளையும் பள்ளத்தாக்குகளையும் இனங்களைப் பிரிக்கும் எல்லையாகத் திட்டம் போட்டார்கள். இந்தியருக்கு ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கருக்கு ஒதுக்கிய உம்லாசிக்கும் நடுவில் உம்லாஸ் ஆறு கிடப்பது தற்செயல் அல்ல. ஆற்றின் இருபுறமும் காலியாகக் கிடந்த நிலம், இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒருவர் வாசலுக்கு மற்றவர் போகாமல் இருக்க வைத்த இடைவெளி. ரிவர்சைடிலிருந்து நம் மக்களைக் கிளப்பி அதை வெள்ளையர் பகுதியாக்கினார்கள். சூஃபி சாஹிபின் மசூதியும் தர்காவும் மட்டும் அங்கே நிலைத்து நிற்கின்றன. ஆகவே உம்லாசியில் வாழும் ஒருவர் பசுமைப் பட்டை என்ற சொல்லைக் கேட்டுச் சந்தேகப்பட்டால் அவருக்கு உரிமை உண்டு. நகரத்தின் நடுவில் நிலம் சும்மா கிடக்க, வேலைக்குப் போக இரண்டு மினிபஸ் டாக்சி மாறி, சம்பளத்தில் பெரும் பங்கைக் கட்டணமாகக் கொடுப்பவர் அவர்தான்.

குவாரி ரோடு குடிசைப் பகுதியை நினைத்துப் பாருங்கள். ரிசர்வார் ஹில்ஸுக்கு அடியில், பால்மியட் ஆறு உம்கேனியில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீரோடு ஒட்டியபடி தகர வீடுகள். அங்கே இருப்பவர்களுக்கு ஆறு ஏறும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். வேலைக்குப் பக்கம், பிள்ளைகளின் பள்ளிக்குப் பக்கம், வாடகை இல்லை. 1917-இல் நம் தாத்தாக்கள் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்ததற்கு என்ன காரணமோ அதே காரணம்தான். ஆட்களின் நிறம் மாறியிருக்கிறது, தரை மாறவில்லை. அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று நம்மவர் வாயால் சொல்லக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அங்கே ஒரு நல்ல வேலையும் நடந்தது. பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் மாநகராட்சி ஊழியர்களும் குடிசைவாசிகளும் சேர்ந்து, மழை முன்னறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி, ஆறு ஏறும் முன்பே ஆட்களை எழுப்பி மேட்டுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டைச் செய்தார்கள். 2019-லும் 2022-லும் அது உயிர்களைக் காத்தது. ஆனால் உயிர் தப்பியவர்களின் வீடு போனது போனதுதான். மழை விட்டதும் அதே இடத்தில் அதே தகரத்தை நிமிர்த்திக் கட்டினார்கள், ஏனென்றால் வேறு இடம் தரப்படவில்லை. அவர்களுக்கு ஆற்றிலிருந்து நடை தூரத்தில் மேட்டு நிலம் வேண்டும். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மூலையில் கொண்டுபோய்ப் போட்டால் பழைய குரூப் ஏரியாஸ் வேலையையே புதுப் பெயரில் செய்வதாகும்.

மேட்டு நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நகரத்துக்குள்ளேயே அரசுக்கும் மாநகராட்சிக்கும் சொந்தமான நிலம் உண்டு, பாதி காலியான பழைய அலுவலகக் கட்டடங்கள் உண்டு, ஒரு மாடி மட்டும் நிற்கும் கடைத்தெருக்கள் உண்டு. புல்வெளி என்று பார்த்தாலும் எல்லாப் புல்லும் ஒன்றல்ல. கேப் டவுனில் ராண்டபாஷ் கோல்ஃப் சங்கம் நாற்பத்தைந்து ஹெக்டேர் அளவு மாநகராட்சி நிலத்தை ஆண்டுக்கு ஆயிரம் ராண்டுக்குச் சற்று மேல் கொடுத்து வைத்திருந்தது பெரிய விவகாரமானது. வீட்டுரிமைக்குப் போராடும் இன்டிஃபுனா உக்வாசி அமைப்பு அதை எதிர்த்தது. அந்தக் கேள்வி சரியான கேள்வி. சிலர் மட்டும் உள்ளே போகக்கூடிய பசுமையை எல்லாருக்குமான பூங்காவோடு சேர்த்துப் பாதுகாக்கக் கூடாது. அந்தத் தரை வெள்ளம் ஏறாத தரையாக இருந்தால் அதில் வீடு வரட்டும். ஏறும் தரையாக இருந்தால் வேலியை எடுத்துவிட்டுப் பொதுப் பூங்காவாக்கட்டும்.

கேப் டவுன் என்றதும் லீஸ்பீக் ஆற்று வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கூட்டத்திலும் அதே மாதிரி வாதங்கள்தான் வரும். லீஸ்பீக்கும் பிளாக் ஆறும் சேரும் இடத்தில், ரிவர் கிளப் என்ற பதினைந்து ஹெக்டேர் தாழ்நிலத்தில், அமேசான் நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தலைமையகத்தை முதன்மையாகக் கொண்டு பல நூறு கோடி ராண்ட் திட்டம் வந்தது. 1657-இல் டச்சுக்காரர்கள் முதன்முதலில் விவசாயிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தது அந்த ஆற்றோரம்தான். பூர்வகுடிகளான கோய் மக்களின் மேய்ச்சல் நிலம் பறிபோகத் தொடங்கியது அங்கிருந்துதான். அந்த வட்டாரத்துக் குடிமக்கள் சங்கமும் கோரிங்காய்கோனா கோய் மக்கள் குழுவும் நீதிமன்றம் போனார்கள். 2022 மார்ச்சில் நீதிபதி பட்ரீசியா கோலயத் வேலையை நிறுத்தச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. கட்டடங்கள் எழுந்துவிட்டன.

அதில் கவனிக்க வேண்டியது இரண்டு. கோய் குழுக்களே இரண்டாகப் பிரிந்தன. பாரம்பரிய மையமும் தோட்டமும் கட்டித் தருகிறோம் என்ற வாக்கை ஏற்று ஒரு கூட்டணி திட்டத்தை ஆதரித்தது. ஒரு சமூகத்தின் பெயரால் யார் கையெழுத்துப் போடுவது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். நம் கோயில் கமிட்டிகளுக்கும் சங்கங்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பூங்காவில் ஒரு மண்டபம் கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால், பதிலுக்கு எதைக் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, வழக்கு வந்தபோது மண் நிரப்பும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. கான்கிரீட் ஏறிய பிறகு நீதிமன்றம் எவ்வளவு தூரம் வரும்? எதிர்ப்பு, அனுமதி கிடைப்பதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

பூங்காவாக வைத்தால் மட்டும் போதுமா? போதாது. கவனிப்பாரற்ற பூங்காவே கட்டுமானக்காரருக்குக் கிடைக்கும் சிறந்த சாட்சி. விளக்கு எரியாமல், புல் இடுப்பளவு வளர்ந்து, மாலையில் பெண்கள் போக அஞ்சும் இடமாக இருந்தால், இதில் கடை வந்தால் என்ன கெட்டுவிடும் என்று மக்களே கேட்பார்கள். ப்ளூ லகூனின் கதை உங்களுக்குத் தெரியும். நல்ல கடற்கரைகளை வெள்ளையருக்கு ஒதுக்கிய காலத்தில் நம் குடும்பங்கள் சோற்றுப் பாத்திரத்தோடும் தூண்டிலோடும் கூடிய இடங்களில் அது ஒன்று. இன்றும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாசனையும் பாட்டுச் சத்தமுமாக இருக்கிறது. பூஜைப் பூவை ஆற்றில் விடவும் அங்கே வருகிறார்கள். பூவை விடுங்கள், பிளாஸ்டிக் பையை விடாதீர்கள் என்று நம் அர்ச்சகர்கள் சொல்ல வேண்டும். 1951 முதல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் டூசி படகுப் போட்டி முடிவதும் அங்கேதான். படகோட்டிகள் ஆற்றுத் தண்ணீரை விழுங்கி வயிற்றுப்போக்கில் படுப்பது ஊரறிந்தது. கழிவுநீர்க் குழாயைச் சீராக்காமல் கரையில் பெஞ்சு போட்டால் அது பூங்கா ஆகாது.

முகத்துவாரத்தின் வடகரையில் பீச்வுட் அலையாத்திக் காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? 76 ஹெக்டேர்தான். டர்பன் துறைமுக விரிகுடாவில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான ஹெக்டேர் பரவியிருந்த இந்த மரங்கள், துறைமுகம் வளர வளர ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டன. ஓதம் இறங்கிய நேரத்தில் மரப்பலகை நடைபாதையில் அசையாமல் நின்றால், சேற்றில் மூச்சு வேர்கள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். கொஞ்ச நேரத்தில் பொந்துகளிலிருந்து சிறு நண்டுகள் வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது, அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். சேற்றில் துள்ளி நடக்கும் மீனும் உண்டு. குழந்தைகளை அங்கே கூட்டிப்போனால் திரும்பி வர மாட்டேன் என்பார்கள். கடலில் பிடிக்கும் மீன் பலவற்றின் குஞ்சுகள் வளர்வது இப்படிப்பட்ட முகத்துவாரங்களில்தான். ஆற்றின் மேற்பகுதித் தாழ்நிலத்தை இறுக்கினால், வேகமெடுத்த வெள்ளம் இந்தச் சேற்றையும் வாரிக்கொண்டு போகும்.

டர்பனுக்கு இந்த விஷயத்தில் நல்ல அறிவு ஏற்கெனவே இருக்கிறது. 1980-களிலிருந்து வளர்த்த திறந்தவெளிப் பின்னல் திட்டம், இன்று பல்லாயிரம் ஹெக்டேர் காடு, புல்வெளி, ஆற்றோரம் ஆகியவற்றை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறது. உம்லாசி, இனாண்டா, குவாமாஷு பக்கம் சிஹ்லான்சிம்வெலோ திட்டத்தில் உள்ளூர்க் கூட்டுறவுக் குழுக்கள் ஓடைகளைச் சுத்தம் செய்து சம்பளம் வாங்குகிறார்கள். பூங்கா என்றால் வேலை இல்லை என்பவருக்கு இதைக் காட்டுங்கள். அயல் களையை வெட்டுவது, குப்பை தடுப்பைக் காலி செய்வது, நாற்று வளர்ப்பது, காவல் எல்லாம் வருடம் முழுக்க இருக்கும் வேலை. உம்கேனித் தாழ்நிலத்தில் ஒரு பகுதியை மறுபடி காய்கறித் தோட்டத்துக்கே சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம் என்பதும் என் ஆசை. வெள்ளம் வந்தால் ஒரு பருவப் பயிர் போகும், உயிர் போகாது.

இனி கூட்டத்துக்கு வருவோம். ஆற்றிலிருந்து 32 மீட்டருக்குள் கட்டும் பல வேலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கரையையோ ஆற்றுப் படுகையையோ மாற்றுவதற்கு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ் தனி அனுமதி வேண்டும். முதல் வேலையாக, அக்கறையுள்ள தரப்பு என்று உங்கள் பெயரையும் சங்கத்தின் பெயரையும் பதிந்துகொள்ளுங்கள். பதியாதவருக்கு அறிக்கை அனுப்ப மாட்டார்கள். அறிக்கை வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் உண்டு. முடிவு அறிவித்த பின் மேல்முறையீட்டுக்கு 20 நாள்தான், அதை நழுவவிட்டால் நீதிமன்றச் செலவுதான் மிச்சம். வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடுத்து வந்து சேர்ந்ததற்குச் சீட்டு வாங்குங்கள்.

பேசும்போது மரம், பறவை என்று தொடங்காதீர்கள், எனக்கும் அவை பிடித்தவைதான் என்றாலும். தரையின் உயரத்தைக் காட்டும் மட்டக் கோடுகளோடு உள்ள வரைபடத்தைக் கேளுங்கள். மண் நிரப்புவதற்கு முன்னும் பின்னும் எதிர்க்கரையில் தண்ணீர் எவ்வளவு உயரும் என்ற கணக்கைக் கேளுங்கள். 2022 வெள்ளத்தின் மட்டம் அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டுப்படியாகும் வீடு என்று சொன்னால், மாத வாடகை எத்தனை ராண்ட், எத்தனை வீடு, எத்தனை வருடத்துக்கு அந்த வாடகை என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் குவாரி ரோடு மக்களுக்கு மேட்டு நிலம் என்ற கோரிக்கையை உங்கள் மனுவின் முதல் பக்கத்தில் வையுங்கள். அவர்களில் சிலரைக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள், ஜூலுவில் பேச நேரம் கேட்டு வாங்குங்கள். பூங்கா கேட்பவரும் வீடு கேட்பவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால், இரண்டு பேரையும் மோதவிட்டு நிலத்தை எடுத்துப்போவது கடினம்.

வரைபடத்தின் நகல் கிடைத்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். மட்டங்களை நானும் ஒரு தடவை பார்த்து, எங்கே எவ்வளவு நிரப்பப் போகிறார்கள் என்று குறித்துத் தருகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.